பூட்டினவருக்குத் திங்கட்கிழமை

எங்கள் ஊர்ப் பெரிய பாடசாலையின் மண்டபத்தில் ஒரே நேரத்தில் நான்கு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. இடையில் சுவர் கிடையாது, பலகை மறைப்புகள்தான். கணித ஆசிரியர் ஒரு பகிடி விட்டால், மறைப்புக்கு அப்பால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஆர் அங்க சிரிக்கிற?" என்று வரலாற்று ஆசிரியை அதட்டினால் நான்கு வகுப்பும் சேர்ந்து வாயை மூடும். வாகை மரத்தின் கீழ் இன்னொரு வகுப்பு. மழை தூறினால் அந்தப் பிள்ளைகள் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே மற்ற வகுப்புகள் மழையை எதிர்பார்த்திருக்கும்.

பாடசாலை அதிபரின் அறையில், பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் உயர்தர வகுப்பு ஒன்று குடியேறிவிட்டது. அதிபர் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு வந்திருந்தார். நான் போனபோது இரண்டு சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்து கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், காவலாளி மாதிரி வாசல்ல இருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"காவலாளிக்கு ஒரு அறை இருக்கு சேர். எனக்கு அதுவும் இல்ல."

நான் ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர். வலயக் கல்வி அலுவலகத்தில் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்தவன். எந்தப் பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர், எந்த வகுப்பைத் திறப்பது, எதை மூடுவது என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அந்தப் பழைய அனுபவத்துக்காகத்தான் அதிபர் என்னைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: விளையாட்டு மைதானத்தில் மூன்று மாடிக் கட்டடம். மைதானம் போனால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று ஒரு தாய் கேட்டார். "மூண்டாம் மாடிக்கு ஏறி இறங்கட்டும், அதுவும் ஓட்டந்தானே" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாடசாலை ஏன் நிரம்பி வழிகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒரு கிழமை பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை துறையடிக்குப் போனேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் பக்கத்தை எழுவான்கரை என்போம். மேற்கே வயல்களும் குளங்களுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சில துறைகளுக்குப் பாலம் வந்துவிட்டது. எங்கள் துறையில் இன்னும் தட்டையான, கூரையில்லாத இயந்திரப் படகுதான். அதற்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர்.

பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தூரத்தில் பார்க்கக் கொக்குக் கூட்டம் தண்ணீரில் மிதந்து வருவதுபோல இருந்தது. கிட்ட வந்ததும் அவ்வளவும் வெள்ளைச் சீருடைகள். கழுத்துப்பட்டியைச் சரிசெய்கிறவர்கள், வீட்டுவேலையை அடுத்தவர் முதுகில் வைத்து எழுதுகிறவர்கள், ஒரு பொதிச் சோற்றை மூன்று பேராகப் பிரித்துத் தின்கிறவர்கள். பாதை கரையில் முட்டியதும் எல்லாரும் பெரிய பாடசாலையை நோக்கி ஓடினார்கள்.

பாதை உடனே திரும்பியது. இப்போது அதில் ஒரு மோட்டார் சைக்கிளும் கூடைக்குள் கட்டிய கோழிகளும் மட்டும் இருந்தன.

"கிறுகிப் போகக்குள்ள ஆளே இல்லையா?" என்று பாதை ஓட்டுகிறவரிடம் கேட்டேன்.

"காலையில ஆரு சேர் அங்கால போற? கோழியும் நானுந்தான்."

வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த வாவியைப் பார்த்திருக்கிறேன். பாதை ஒரு பக்கம் நிரம்பியும் மறுபக்கம் வெறுமையாகவும் ஓடுகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதை அப்படி ஓட வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அதை இங்கே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அக்கரைப் பாடசாலையில் ஒருகாலத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இருந்தது. சிறிய வகுப்பு. யுத்தத்தின் மோசமான நாட்களிலும் அது மூடப்படவில்லை. யுத்தம் முடிந்த பிறகு அதை நான் மூடினேன். முதலில் அங்கிருந்த இரசாயனவியல் ஆசிரியரைப் பெரிய பாடசாலைக்கு இடம் மாற்றினேன். ஆசிரியர் போனதும் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பாதை ஏறினார்கள். பிறகு, போதிய பிள்ளைகள் இல்லை என்று காரணம் காட்டி வகுப்பையே மூடினேன். ஆய்வுகூடத்துக்குப் பூட்டுப் போடச் சொன்னதும் நான்தான். அந்த வருடம் என் மகன் பெரிய பாடசாலையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அங்கே இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்தது. காரணம் அவ்வளவுதான். வளப் பகிர்வு என்றெல்லாம் அன்று சொன்னேன். அது பொய்.

அந்த வெறும் பாதையில் நானும் ஏறினேன். அக்கரைப் பாடசாலை துறையிலிருந்து நடந்து போகும் தூரம். இருபுறமும் அறுவடை முடிந்த வயல்வெளி, எங்கள் பேச்சில் வட்டை, அதில் எருமைகள். பாடசாலை வாசலில் அதிபர் நின்றார். நாற்பது வயதைத் தாண்டாத பெண். பார்த்த உடனே யாரென்று தெரியவில்லை. அவரே சொன்னார், கடைசியாக இங்கே விஞ்ஞானம் படித்த வகுப்பில் தானும் ஒருத்தி என்று. பாதை ஏறிப் பெரிய பாடசாலைக்குப் போனவர், இரண்டாவது தவணையிலிருந்து எதுவும் விளங்காமல் கலைப் பிரிவுக்கு மாறி, அதில் படித்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அங்கே வகுப்பறைகளில் பிள்ளைகளைவிடக் கதிரைகள் அதிகம்.

"உயர்தர விஞ்ஞானம் இல்ல எண்டதும் பதினொராம் வகுப்புல சாதாரண தரம் முடிச்ச புள்ளைகள் போறாங்க சேர். மூத்தது போனா இளையதும் பின்னால போகும். இப்ப ஆறாம் வகுப்புலயே பாதை ஏத்துறாங்க. இன்னும் கொஞ்ச நாளையில நானும் கதிரைகளுந்தான்," என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே திட்டம் விளங்கிவிட்டது. பிள்ளைகளைக் கடத்த வேண்டாம். காலையில் வெறுமையாகத் திரும்பும் பாதையில் ஆசிரியர்களைக் கடத்தினால் போதும். ஒரு பாடத்துக்குக் கிழமையில் ஒரு முழு நாள். பெரிய பாடசாலையில் உயர்தர ஆசிரியர்கள் தேவைக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் ஊருக்குக் கிட்ட இடமாற்றம் வாங்கி வந்தவர்கள்.

அவர்கள் மறுப்பார்கள் என்று நினைத்துத்தான் பேசப் போனேன். அங்கே இப்போது இரசாயனவியல் படிப்பிக்கிறவர் காத்தான்குடிக்காரர், பகிடிக்காரர். மண்டபத்தில் மறைப்புக்கு மேலால் கத்திக் கத்திக் குரல் தேய்ந்து போயிருந்தது.

"அக்கரையில எத்தனை வகுப்பு சேர் ஒரு அறைக்குள்ள?"

"ஒண்டுதான்."

"ஒண்டா? சுவர் இருக்கா?"

"நாலு பக்கமும்."

"அப்ப நான் வாறன். நாலு சுவரப் பார்த்து வருசக் கணக்காச்சு." பிறகு சற்று யோசித்தார். "எனக்கு ஒரேயொரு பயம். இந்தப் பாதை தாழாதுதானே? வாவிக்கரையில பிறந்து இன்னும் பாதை ஏறாத ஆள் நான் ஒருத்தன்தான் இருப்பன்."

பௌதிகவியல், உயிரியல், கணித ஆசிரியர்கள் மூவரும் இதே காரணத்துக்காகச் சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பை அக்கரைப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியையே பார்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. வலயத்திலும் மறுப்பு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: புதிய தவணை தொடங்குமுன் ஒரு வகுப்புக்குப் போதுமான பிள்ளைகள் அக்கரையில் சேர வேண்டும். சேராவிட்டால் இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அக்கரை அதிபருக்குக் கிடைத்தது அந்த ஒரே வாய்ப்புத்தான். சாதாரண தரத்தில் சித்தியடைந்த பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே பெரிய பாடசாலைக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள்.

பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதற்கான கூட்டம் அக்கரைப் பாடசாலையில் நடந்தது. ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் முழுக்க அவர் கையில், வயல்காரர், குரல் வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அவருடைய கடைசி மகள்தான் அந்த வருடம் பாடசாலையில் முதலாவதாக வந்தவள். அவள் இருந்தால் மற்றவர்களும் இருப்பார்கள் என்று அதிபர் என் காதில் சொன்னார்.

நான் திட்டத்தை விளக்கினேன். வண்ணக்கர் எழுந்தார்.

"நல்ல கத. ஆனா சேர், முதல் மாதம் டீச்சர்மார் வருவாங்க. ரெண்டாம் மாதம் காத்தடிக்குது எண்டுவாங்க. மறுகா காய்ச்சல் எண்டுவாங்க. என்ர புள்ளைக்குப் போற ரெண்டு வருசத்த ஆரு திருப்பித் தாற?"

நியாயமான கேள்வி. அதிபர்தான் பதில் சொன்னார்.

"வண்ணக்கர் மாமா, நம்மட கோயில் திருவிழா ஒரு வருசமாவது ஒரு நாளாவது நடக்காமப் போயிருக்கா?"

"அதெப்படிப் போகும்? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கெல்லோ. தன்ர நாளில விளக்கு ஒண்டு குறைஞ்சாலும் அந்தக் குடிக்கு வெட்கம்."

"அப்ப இதையும் அப்படிப் பிரிப்பம். ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். அந்த நாளில டீச்சரத் துறையில நிண்டு கூட்டி வாற, பகல் சாப்பாடு குடுக்கிற, பின்னேரம் பாதை ஏத்தி விடுற எல்லாம் அந்தக் குடிட பொறுப்பு. காத்தடிச்சா அவங்க தோணி கொண்டு போகட்டும்."

எங்கள் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே குடி என்பது தாய்வழியாக வருகிற உறவுக் கூட்டம். அந்தக் கோயிலுக்கு நான்கு குடிகள். தன் திருவிழா நாளில் அடுத்த குடியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு குடியும் வருடம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கும். அதிபரின் பேச்சைக் கேட்டதும் மண்டபம் முழுக்கக் கலகலப்பு. "எங்கட நாளில டீச்சருக்கு எருமத் தயிர்!" என்றார் ஒருவர். "நாங்க துறையில பந்தல் போடுவம்!" என்றார் இன்னொருவர். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வடம் பிடிக்கப் புறப்படுகிற மாதிரி இருந்தது எல்லாருடைய முகமும். வண்ணக்கரும் சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் நான் எல்லாவற்றையும் குழப்பினேன்.

சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் திங்கள், செவ்வாய் என்று கோடு கிழித்து, நான்கு குடிப் பெயர்களையும் வரிசையாக எழுதினேன். அலுவலகப் பழக்கம், அகர வரிசையில் எழுதிவிட்டேன். யாருக்கும் பாரபட்சம் இல்லாத ஒழுங்கு அதுதானே என்று நினைத்தேன். கோயிலில் பரம்பரையாக முதல் நாளை வைத்திருக்கும் வண்ணக்கரின் குடி, என் பலகையில் வியாழக்கிழமைக்குப் போயிற்று.

வண்ணக்கர் வாசித்தார். முகம் கறுத்தது. "இதென்ன சேர் வரிச? எங்களத் தூக்கி வாலில வெச்சிருக்கிறீங்க?"

"சேர் சரியாத்தான் எழுதியிருக்கார்," என்றார் திங்கட்கிழமை கிடைத்த குடியின் பெரியவர். "இது கோயில் இல்ல, பள்ளிக்கூடம். இங்கயும் நீங்கதானா முன்னுக்கு?"

"முன்னுக்கு நிண்டவன் முன்னுக்குத்தான் நிப்பான்!"

"அப்ப நில்லுங்க, நாங்க போறம்!"

கதிரைகள் பின்னால் தள்ளப்பட்டன. சிலர் வாசலுக்குப் போய்விட்டார்கள். வண்ணக்கர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "என்ர மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்," என்றார்.

அதிபரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை என்னால் இரசாயனவியலை இழந்தவர். இப்போது என்னாலேயே இரண்டாவது முறையும் இழக்கப் போகிறார்.

கூட்டம் நல்லபடி முடிந்த பிறகு அமைதியாகச் சொல்லலாம் என்று ஒரு சிறு உரையை மனதில் தயாரித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க," என்று கத்தினேன். "எனக்கு முறை தெரியாது. நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செய்த முதல் பிழையும் இது இல்ல. இங்க இருந்த விஞ்ஞான வகுப்ப மூடினவன் நான்தான்."

பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு சிரிப்பு. அது பரவியது. வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"இது தெரியாதா சேர்?" என்றார் ஒரு பெண். "அந்த அறைக்கு இங்க என்ன பேர் தெரியுமா? பணிப்பாளர்ர பூட்டு. மாடு காணாமப் போனாலும் 'பணிப்பாளர்ர பூட்டுக்குப் பின்னால தேடு' எண்டுதான் சொல்லுவம்."

இத்தனை வருடமாக நெஞ்சில் பொத்தி வைத்திருந்ததை அந்த ஊர் மாடு தேடுவதற்கு அடையாளமாக வைத்திருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

"ஏன் மூடினேன் எண்டு உங்களுக்குத் தெரியாது," என்றேன். "பெரிய பள்ளிக்கூடத்துல அந்த வருசம் என்ர மகன் படிச்சவன். அவனுக்கு இரசாயனம் படிப்பிக்க ஆளில்ல. உங்கட புள்ளைகள்ர டீச்சர என்ர மகனுக்காகத்தான் எடுத்தனான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிபர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையில் சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றேன்.

வண்ணக்கர்தான் பேசினார்.

"மகன் பாஸ் பண்ணினவரா?"

"ஓம்."

"நல்லாவா?"

"நல்லாத்தான்."

"இப்ப எங்க?"

"கனடாவில. இஞ்சினியர்."

அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கதிரையில் போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட டீச்சரிட்டப் படிச்சுப் பாஸ் பண்ணின புள்ள எண்டா அவர் எங்கட பள்ளிக்கூடத்துப் புள்ளதானே? பழைய மாணவர் சங்கத்துல பேரப் போடுங்க. கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க. கனடாவில இருந்து வாறது கஷ்டம் எண்டா, நாங்க இத்தனை வருசமாப் பாதை ஏறினத நினைக்கச் சொல்லுங்க."

எழுந்த சிரிப்பில், வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார்கள். ஆனால் அவர் முடிக்கவில்லை. கரும்பலகையைக் கைநீட்டிக் காட்டினார்.

"முதல் நாள் எங்களுக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம். பூட்டினவரே திறக்கட்டும். திங்கட்கிழமை சேருக்கு. இரசாயனம் படிப்பிக்கிறவர அவரே கூட்டி வரட்டும், அவரே சோறு போடட்டும். ஒரு திங்கள் தவறினாலும் அவர்ர வீட்டு வாசல்ல நாங்க எல்லாரும் வந்து நிப்பம். மிச்சம் நாலு நாளும் நாலு குடிக்கும், வெள்ளியில நம்மட டீச்சருக்குச் சோறு. தவணைக்குத் தவணை மாறி வரட்டும்."

முதல் நாள் என்ற ஒன்று இல்லாமல் போனதும் சண்டைபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. அதிபர் பலகையை அழித்துவிட்டு, திங்களுக்கு நேரே என் பதவியை எழுதினார். கூட்டம் கலையும்போது வண்ணக்கர் மகளின் அனுமதிக் கடிதத்தை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு, "இது இனி வெத்திலை சுத்தத்தான்," என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அதிபரின் மேசைக்கு வந்தார்கள்.

என்னை வழியனுப்ப அதிபர் துறைவரை வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"திங்கட்கிழமை ஏழு மணிப் பாதை சேர்," என்றார். "அத விட்டா மறுகா ஒன்பதுக்குத்தான். பிந்த ஒண்ணா."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். அன்று வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். மீனும் இறாலும் சமைக்க வேண்டும், ஆசிரியர் முஸ்லிம், நாங்கள் வாங்கும் இறைச்சி ஹலாலோ தெரியாது, அது வேண்டாம் என்றேன்.

"இஞ்சருங்க, பூட்டினது நீங்க, சமைக்கிறது நானா?"

அந்த முதல் திங்களுக்கு மட்டும் அவள் சமைத்தாள். அதன் பிறகு இன்றுவரை மீனை நான்தான் வெட்டுகிறேன்.

மகனுக்கு வீடியோவில் சொன்னேன். திரையில் அவனுடைய யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. "அக்கரையில இருந்து வந்த அந்தச் சேர் ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வருவார் அப்பா. சப்பாத்து ஈரமா இருக்கும். நாங்க பகிடி பண்ணுவம்," என்றான். பிறகு, "அந்தப் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி என்ன நிறம்? எனக்கொண்டு எடுத்து வையுங்க," என்றான்.

திங்கட்கிழமை வந்தது. பாதையின் நடுவில் ஒரு நெல்மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி இரசாயனவியல் ஆசிரியர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் மடியில் சோற்றுப் பெட்டியோடு பக்கத்தில். நாங்கள் ஏறுமுன் இதே பாதை பிள்ளைகளோடு வந்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் முன்புபோல் நெருக்கமில்லை, இடையிடையே தண்ணீர் தெரிந்தது. கரை கிட்ட வந்தபோது குரவைச் சத்தம் எழுந்தது. பெண்கள் வரிசையாக நின்று நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் ஒரு கண்ணைத் திறந்தார். "சேர், அங்க ஆருக்கோ கலியாணம் போல."

"உங்களுக்குத்தான்."

"எனக்கு ஏற்கெனவே முடிஞ்சிட்டு சேர், வீட்டுல அடிப்பாங்க."

துறையிலிருந்து பாடசாலைவரை தோரணம். பந்தல் போடுகிறோம் என்ற குடி, தங்கள் நாள் புதன்கிழமை என்றாலும் பொறுக்க முடியாமல் அன்றே போட்டிருந்தது. ஆய்வுகூடத்துக்கு முன்னால் கூட்டம். கதவில் நான் போடச் சொன்ன அதே பூட்டு, துருவேறி ஒரு கட்டி வெல்லம்போலத் தொங்கியது. பூட்டைத் திறக்கும் திறப்பு யாரிடமும் இல்லை. வண்ணக்கர் ஒரு அலவாங்கை, கனத்த இரும்புக் கம்பியை, என் கையில் தந்தார்.

"போடுங்க சேர்."

வயதான கையால் ஓங்கிப் போட்டேன். பூட்டு அசையவில்லை. இன்னொரு முறை போட்டேன். பூட்டு அப்படியே இருக்க, கதவு கீல் இருந்த மறுபக்கத்தில் கழன்று என்னை நோக்கிச் சாய்ந்தது. நான்கு பேர் பாய்ந்து தாங்கினார்கள். உள்ளே பார்த்தால் வெள்ளையடித்த சுவர், கழுவின தரை, துடைத்து அடுக்கிய போத்தல்கள், புதிய கரும்பலகை.

"இது எப்ப?" என்று கேட்டேன்.

"போன கிழமையே நாங்க பிணைச்சலக் கழட்டி உள்ள போய் வேலய முடிச்சிட்டம்," என்றார் வண்ணக்கர். "மறுகா கதவச் சும்மா சாத்தி வெச்சம். நீங்க திறக்க வேணும் எண்டு பேசினமெல்லோ, பேச்சுப் பேச்சுத்தான்."

அந்தப் பூட்டு இன்றும் திறக்கப்படவில்லை. கதவை நிமிர்த்திப் பிணைச்சலைப் பூட்டி, பழைய சங்கிலி மாட்டியிருந்த வளையத்தை நிலையிலிருந்து பிடுங்கிவிட்டுப் புதிய கொண்டி போட்டார்கள். பழைய பூட்டு அதன் சங்கிலியோடு கதவிலேயே தொங்குகிறது. மாடு தேடுவதற்கு அடையாளம் வேண்டுமே.

வகுப்பு தொடங்கியது. நான் வெளியே வேம்பின் கீழ் நின்று கேட்டேன். ஆசிரியர் முதல் வசனத்தை மண்டபத்தில் கத்துவதுபோல முழுக் குரலில் கத்தினார். முன்வரிசையிலிருந்த வண்ணக்கரின் மகள் திடுக்கிட்டுப் பேனையைக் கீழே போட்டாள். ஆசிரியர் நிறுத்தினார். சுற்றியிருந்த நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தார். தானே சிரித்துவிட்டு, சாதாரணக் குரலில் மறுபடி தொடங்கினார். இரசாயனவியலை இவ்வளவு மெதுவாகச் சொல்லலாம் என்பதை அவரே மறந்திருந்தார்போல.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கடைசி வாங்கில் அதிபர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கொப்பி திறந்திருந்தது.

பகல் சாப்பாட்டின்போது ஆசிரியருக்கு மீன் ஆணத்தை ஊற்றியபடி அதிபரிடம் கேட்டேன், "என்ன, நீங்களும் படிக்கிறீங்களா?"

"ஓம் சேர்," என்றார். "எனக்கு ரெண்டாம் தவணையில இருந்து பாடம் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் சோற்றுக் கோப்பையை நீட்டினார். இறால் இருந்த பக்கமாகப் பார்த்து, நிறையவே வைத்தேன்.

எழுவான்கரையில் இப்போது பெரிய பாடசாலை அதிபர் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். அக்கரையில் மூத்தவர்கள் நின்றதும் இளையவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள்; மண்டபத்தில் நான்கு வகுப்புகள் இரண்டாகிவிட்டன. வாகை மரத்தின் கீழ் வகுப்பு இல்லை; மழை வந்தால் பார்க்க ஒன்றும் இல்லையே என்று பிள்ளைகளுக்குக் கவலை. மூன்று மாடிக் கட்டடப் பேச்சு தானாகவே ஓய்ந்தது. மைதானம் மைதானமாகவே இருக்கிறது. வேறு துறைகளில் இதேமாதிரிச் செய்யலாமா என்று கேட்டு வலயத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். செய்யலாம், ஆனால் ஊரின் முறையைக் கேட்காமல் கரும்பலகையில் எதையும் எழுதிவிடாதீர்கள் என்று சொன்னேன்.

அந்தக் கடைசி வகுப்பிலிருந்து பாதை ஏறிய மற்றப் பிள்ளைகளுக்கு நான் என்ன திருப்பிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் கல்குடாவில் மீன்வாடி வைத்திருக்கிறாராம். ஒருவர் கட்டாரில். இன்னொருவர் சித்தாண்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று அதிபர் சொல்கிறார். இருக்கலாம். அவர்கள் வேறு என்னவாக ஆகியிருப்பார்கள் என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நாளை திங்கட்கிழமை. ஆசிரியர் இப்போது பாதையில் கண்ணைத் திறந்தபடியே வருகிறார், நெல்மூட்டையும் தேவைப்படுவதில்லை. சந்தையில் நல்ல இறால் வந்திருந்தது. மூன்று பேருக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.